வெள்ளிக்கிழமை மட்டும் சரியாக ஓடிய மெஷின்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நல்லதல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் ‘ர’ வரும், எந்த இடத்தில் ‘ற’ வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று. இந்தக் கொப்பியைக் கடைசிப் பக்கத்தில் தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் கண்டேன். கிழித்தெறிய மனம் வரவில்லை. அது ஏன் அப்படி ஆனது என்பது போகப் போக விளங்கும்.

நான் அம்பாறைக் கரையோரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிற்றூழியன். இருபத்து மூன்று வருடமாக ஒரே பகுதியில் வேலை. அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘சதை பார்க்கிற இடம்’ என்பார்கள். ஒருவருடைய உடம்பில் கட்டி வந்தால் அதில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய போத்தலில் போட்டு எங்களிடம் அனுப்புவார்கள். அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றுவோம். டொக்டர் அந்தக் கண்ணாடியை மைக்ரொஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அது புற்றுநோயா இல்லையா என்று எழுதுவார்.

சீவுவதும் சாயம் ஏற்றுவதும் ஆய்வுகூட மிஸ்ஸின் வேலை. அவர் பாண்டிருப்பில் இருந்து வருகிறவர், என் வயதுதான். போத்தல் கழுவுவது, மருந்துத் தண்ணீர் மாற்றுவது, கண்ணாடிகளை நம்பர் பார்த்துத் தட்டில் அடுக்கி டொக்டரின் மேசையில் வைப்பது, பிறகு அவற்றை மேசையின் இழுப்பு லாச்சிகளில் பாதுகாப்பது எல்லாம் என் வேலை. கண்ணாடியின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் நம்பர் எழுதியிருக்கும். பெயர்கள் ஆங்கிலத்தில் றெஜிஸ்டரில் இருக்கும். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பர் வாசிக்கத் தெரியும், அது போதுமாக இருந்தது.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க வராது. அந்த அறையில் கதைக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. கண்ணாடிகள் கேள்வி கேட்பதில்லை. ஒரு சின்ன ஜன்னல் மட்டும் உண்டு. ‘றிப்போட் வந்திட்டா?’ என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். ‘இன்னும் இல்ல’ என்று தலையாட்டினால் போதும்.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பெண்மணி. பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தவர். அவருக்கு ஓய்வுபெறும் காலம் வந்தது. அவருடைய இடத்துக்கு இன்னொரு டொக்டர் கிடைக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். நாட்டிலேயே அந்தப் படிப்புப் படித்தவர்கள் குறைவாம், இருந்தவர்களிலும் பலர் வெளிநாடு போய்விட்டார்களாம். அப்போது ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு ஸ்கேனர் வருகிறது. கண்ணாடியை அது படம் பிடித்து கொம்பியூட்டரில் போடும். டொக்டர் எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்து றிப்போட் எழுதலாம். அது சரியாக ஓடினால் இந்தப் பகுதி இங்கேயே இருக்கும். ஓடாவிட்டால் டொக்டர் போகிற அன்றோடு அறையைப் பூட்டி, போத்தல்களை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

“அப்ப காக்காவுக்கு?” என்று மிஸ் கேட்டார். காக்கா என்றது என்னை, எங்கள் முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“அவருக்கு வாசல் கடமை குடுக்கலாம்” என்றார் பணிப்பாளர்.

வாசல் கடமை என்றால் பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் உள்ளே வருகிற சனத்தைத் தடுத்து நிறுத்துவது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வாய் திறக்க வேண்டும். நான் வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரிய உம்மா சோற்றுப் பெட்டியோடு நின்று காவலாளியைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

மெஷின் வந்தது. குளிர்சாதனப் பெட்டியொன்றைப் படுக்க வைத்த அளவு. கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து பொருத்தினார். சிங்களவர், தமிழ் ஓரளவு கதைப்பார். அதில் ஐந்து கண்ணாடி வைக்கும் தட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் கோடு கோடாக ஸ்டிக்கர் ஒட்டினால் மெஷினே பெயரை வாசித்துக்கொள்ளும் என்றார். ஆனால் ஸ்டிக்கர் அடிக்கும் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. பென்சில் எழுத்து மெஷினுக்குப் புரியாது. அதனால் அதுவரைக்கும் ஒரு வழி சொன்னார். மிஸ் கொம்பியூட்டரில் ஐந்து பெயரை ஒழுங்காக அடிப்பார். நான் ஐந்து கண்ணாடியை அதே ஒழுங்கில் தட்டில் வைக்க வேண்டும். முதல் கண்ணாடியின் படத்துக்கு முதல் பெயர், இரண்டாவதுக்கு இரண்டாவது பெயர்.

“நானா, சின்ன வேலை. நம்பர் பாத்து வைக்கிறதுதான்” என்றார். அவர் என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

நான் தலையாட்டினேன். இருபத்து மூன்று வருடமாக நான் செய்கிற வேலைதான் அது.

ஒரு மாதம் பரீட்சித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த மாதம் நோயாளிகளுக்குப் போன றிப்போட் எல்லாம் டொக்டர் பழையபடி மைக்ரொஸ்கோப்பில் பார்த்து எழுதியவை. திரையில் பார்ப்பது ஒப்பிடுவதற்கு மட்டும். அல்லாஹ் காப்பாற்றிய விஷயம் அது.

முதல் நாளே டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“இதென்ன? பேர் ஒரு ஆம்பிளைப் பிள்ளையின்ர, குடல்வால் எண்டு எழுதியிருக்கு. படத்தில இருக்கிறது கர்ப்பப்பை.”

“பெடியனுக்குக் கர்ப்பப்பையா?” என்று மிஸ் சிரித்தார். ஆனால் அவருடைய முகம் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பெரும்பாலான நாட்களில் பிழை வந்தது. எல்லாமே பிழையில்லை. ஐந்தில் ஒன்று சரியாக இருக்கும், நாலு மாறியிருக்கும். மிஸ் பெயர்ப் பட்டியலை இரண்டு தரம், மூன்று தரம் சரி பார்த்தார். நான் கண்ணாடிகளின் நம்பரை உரத்து வாசித்து வாசித்து வைத்தேன். வேலை முடிந்ததும் அவற்றை மெஷினிலிருந்து எடுத்து, வழக்கம் போல் டொக்டரின் அட்டைத் தட்டில் அடுக்கிவிடுவேன். அங்கே மைக்ரொஸ்கோப்பில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதனால் பிழை மெஷினுக்குள்தான் நடக்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

வேடிக்கை என்னவென்றால், சில நாட்களில் ஒரு பிழையும் வராது. மிஸ்தான் அதைக் கண்டுபிடித்தார். சுவரில் இருந்த கலண்டரில் ஒவ்வொரு நாளும் பிழை, சரி என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தவர், அந்த மாதத்தின் நாலாவது கிழமை அதைக் காட்டிச் சொன்னார்:

“இஞ்ச பாருங்க டொக்டர், வெள்ளிக்கிழமை எண்டா மட்டும் நல்லா வேலை செய்யுது. மெஷினுக்குப் பக்தி கூடிப் போச்சு. கோயிலுக்குப் போகுதோ, காக்காட பள்ளிக்குப் போகுதோ தெரியல்ல!”

டொக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பொறியியலாளர் மறுபடியும் கொழும்பிலிருந்து வந்தார். மூன்று நாள் மெஷினைத் திறந்து மூடிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பணிப்பாளரிடம் போய், மெஷினில் பிழை எதுவும் இல்லை, ஸ்டிக்கர் பெட்டி எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, இன்னொரு ஆஸ்பத்திரி இதைக் கேட்டுக் காத்திருக்கிறது, திங்கட்கிழமை கழற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார். டொக்டர் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை.

அந்த நேரம் ஜன்னலில் ஒரு ஆள் நின்றார். பொத்துவிலில் இருந்து பஸ் ஏறி வந்தவர். அவருடைய உம்மாவின் கழுத்தில் கட்டி. றிப்போட் வந்துவிட்டதா என்று கேட்டார். டொக்டர் அன்றைக்கே அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார், பயப்பட ஒன்றும் இல்லை. அந்த ஆள் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு போனார். இனிமேல் இப்படி வருகிறவர் எத்தனை கிழமை காத்திருக்க வேண்டுமோ என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, மிஸ்ஸிடம் கேட்டு வாங்கி வந்த பிழைப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது நம்பர்தானே. ஐந்து பெட்டி கீறி, நான் வைத்த கண்ணாடியை மேலே எழுதினேன். எந்தப் பெயரில் படம் வந்தது என்பதைக் கீழே எழுதினேன். முதலாவது கண்ணாடி ஐந்தாவது பெயரில். இரண்டாவது நாலாவதில். மூன்றாவது மூன்றாவதிலேயே. அந்த மாதம் முழுவதும், பிழை வந்த எந்த நாளை எடுத்தாலும், சரியாக வந்தது நடுவில் இருந்த கண்ணாடி மட்டும்தான்.

மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இதென்ன, ஓதப் போறீங்களா?”

“என்னத்துக்குக் கேக்கிறாய்?”

“ஒண்டு, ரெண்டு எண்டு இந்தப் பக்கத்துல இரிந்து எழுதியிரிக்கீங்க. ஒண்டு வலப்பக்கத்துல இரிக்கி. ஆரும் நம்பரை இப்பிடி எழுதுவாங்களா? வட்டிலப்பம் விக்கிறவனுக்கும் தெரியும் ஒண்டு எங்க வரும் எண்டு.”

நான் காகிதத்தைப் பார்த்தேன். முதல் பெட்டி வலது ஓரத்தில் இருந்தது. ஐந்தாவது இடது ஓரத்தில் இருந்தது. நான் யோசிக்காமல் கீறியது.

பிளேன்டீ ஆறிப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாலு வயதில் என்னை ஓதுகிற பள்ளியில் சேர்த்தார்கள். அரபு எழுத்தல்லவா, அங்கே எல்லாம் வலப்பக்கத்தில் தொடங்கும். கிதாபைத் திறப்பது அந்தப் பக்கம், பலகையில் எழுதுவது அந்தப் பக்கம். பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தாலும் முதல் பிள்ளை ஓதிக்கொடுக்கும் லெப்பையின் வலது கைப் பக்கம்தான். அரசாங்கப் பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சு வருடம். வாப்பா கடற்கரையில் கரைவலை இழுக்கக் கூப்பிட்டதும் அது நின்றுபோயிற்று. ஓதுவது மட்டும் நிற்கவில்லை, பதின்மூன்று வயது வரைக்கும் போனேன். என் கை பழகியது அங்கேதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கண்ணாடிகளை வலப்பக்கத்திலிருந்து அடுக்கியிருப்பேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. வந்த டொக்டர்மாரும் வலப்பக்கத்திலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். அது சரியான முறை என்று இருபத்து மூன்று வருடம் இருந்துவிட்டேன்.

மெஷின் இடப்பக்கத்திலிருந்து எண்ணுகிறது. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவேன், அன்றைக்கு மட்டும் கண்ணாடி வைப்பது மிஸ்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நடந்தேன். திங்கட்கிழமை எப்படிச் சொல்வது என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். சொன்னால் இந்த மாதப் பிழை முழுவதும் என் தலையில் விழும். படிக்காதவனை இந்த வேலையில் வைத்தது யார் என்று கேட்பார்கள். ஆங்கிலம் தெரியாதது வெளியே வரும். எப்படிப் பார்த்தாலும் வாசல் கடமைதான். சொல்லாமல் விட்டால் மெஷின் போய்விடும், அப்போதும் வாசல் கடமைதான். ஆனால் இரண்டாவதில் அறையும் பூட்டிப் போகும். இதில் கணக்குப் பார்க்க ஒன்றும் இல்லை என்று விளங்கியது. விளங்கினாலும் வாய் திறக்க வேண்டுமே. வலை இழுத்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர், “என்ன காக்கா, கடலோட சண்டையா?” என்று கேட்டார். அந்த அளவுக்கு உரத்துக் கதைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நான் போனபோது பொறியியலாளர் வயர்களைச் சுற்றத் தொடங்கியிருந்தார். டொக்டரும் மிஸ்ஸும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாய் திறந்தேன். கடற்கரையில் சொல்லிப் பார்த்ததில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

“காக்கா, என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? செல்ல வந்தத செல்லுங்களன்” என்றார் மிஸ். ‘சொல்ல’ என்பதை ‘செல்ல’ என்று எங்கள் ஆட்கள் கதைப்பது போல் கதைத்து என்னைச் சீண்டுவது அவர் பழக்கம்.

நான் மெஷினின் தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஐந்து கண்ணாடியை எடுத்தேன். முதல் நம்பரை அவர்களுக்குக் காட்டி, எப்போதும் வைப்பது போல் வலது ஓரத்தில் வைத்தேன். இரண்டாவதை அதற்குப் பக்கத்தில். ஐந்தாவதை இடது ஓரத்தில். பிறகு பொறியியலாளரைப் பார்த்து, “இதுல ஒண்டு எது?” என்று கேட்டேன்.

அவர் இடது ஓரத்தைத் தொட்டார்.

“எனக்கு இது” என்று வலது ஓரத்தைத் தொட்டேன்.

மிஸ் இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

“அட கடவுளே! ஒரு மாசமா நான் அந்தப் பட்டியல அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு போச்சு காக்கா! வெள்ளிக்கிழமை பக்தி… அது நான் வெச்ச நாள்! ஐயோ, நானெல்லோ அந்தப் பக்தி!”

அவர் கதிரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பொறியியலாளர் சுற்றிய வயரைக் கையில் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டொக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஓதுகிற பள்ளியில் பழகியது என்றும், ஆங்கிலம் தெரியாது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“ஆங்கிலம் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்” என்றார் டொக்டர். “முதல் கிழமையே தெரியும். நான் யோசிக்கிறது வேறை. பன்னிரண்டு வருசமா நீங்கள் வலப்பக்கத்தில இருந்து அடுக்கினது எனக்காக எண்டெல்லோ நான் நினைச்சனான். நான் வலக்கைக்காரி, எனக்கு எடுக்கச் சுகமா இருக்கட்டும் எண்டு செய்யிறியள் எண்டு. மற்ற ஆஸ்பத்திரிக்காரரிட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறன்.”

மிஸ் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.

“என்னை வாசலுக்குப் போடுவாங்களா டொக்டர்?” என்று கேட்டேன்.

“ஆர் போடுறது? ஒரு நாள் இப்பிடி, ஒரு நாள் அப்பிடி எண்டு நீங்கள் வைச்சிருந்தால் இந்தப் பிழையை ஒருத்தராலையும் கண்டு பிடிச்சிருக்க ஏலாது. ஒரு நாளும் மாறாமல் வைச்சபடியால்தான் பிடிபட்டது. இப்ப இடப்பக்கத்தில இருந்து வையுங்கோ பாப்பம்.”

பொறியியலாளர் வயர்களை மறுபடியும் செருகினார். நான் இடது ஓரத்தில் தொடங்கினேன். கை கூசியது, பீச்சாங்கையால் சோறு அள்ளுவது போல இருந்தது. மெஷின் ஒவ்வொரு கண்ணாடியாக உள்ளே இழுத்தது. நாங்கள் நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நிற்பவர்களைப் போல் நின்றோம். டொக்டர் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐந்தும் சரி.

பொறியியலாளர் பணிப்பாளரிடம் போகும்போது என் தோளில் தட்டி, “நானா, உங்களுக்கு எனக்கு ரெண்டு பேருக்கும் ஒண்டு வேற வேற” என்றார். மெஷின் எங்களிடமே நின்றது.

அன்றைக்குப் பின்னேரம் ஒரு துண்டுப் பிளாஸ்டரை வெட்டி, தட்டின் இடது ஓரத்தில் ஒட்டி, அதில் பேனையால் அரபின் முதல் எழுத்தான அலிஃப் ஒன்றை எழுதினேன். தொடங்குகிற இடம் இது என்று என் கைக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. அடுத்த நாள் பொறியியலாளர் அதைக் கண்டார். “ஒண்டு எண்டு போட்டிரிக்கி, நல்லம் நானா” என்றார். அலிஃபும் ஒரு நேர்கோடு, ஒன்றும் ஒரு நேர்கோடு. நான் தலையாட்டினேன்.

டொக்டர் ஓய்வுபெற்றுப் போகிற நாளில் மிஸ் ஒரு கேக் கொண்டுவந்தார். டொக்டர் என்னிடம் ஒரு கொப்பியைத் தந்து, “இந்தக் கதையை எழுதி வையுங்கோ. என்னட்டைச் சொன்ன மாதிரியே எழுதுங்கோ, பிழை பாக்காமல்” என்றார். நான் வாங்கி லாச்சியில் வைத்தேன். அது முஹர்ரம் மாதம், இன்றைக்கு ஏழு மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறை லாச்சியைத் திறக்கும்போதும் என் கையெழுத்தை நினைத்து மூடிவிடுவேன்.

இப்போது கண்ணாடிகளைப் பார்ப்பவர் வேறு ஊரில் இருக்கும் ஒரு டொக்டர். அவரை நான் கண்டதில்லை. காலையில் நாங்கள் படம் அனுப்பினால், பல நாட்களில் மறுநாளே றிப்போட் திரையில் வந்துவிடுகிறது. மிஸ் அதை அச்சடித்துத் தருவார். ஜன்னலில் கொடுப்பது நான். போன மாதம் அந்தப் பொத்துவில் ஆள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அவருடைய மூத்த சகோதரியான ராத்தாவுக்கு. தலையாட்டாமல், “வந்திட்டு, இரிங்க தாறன்” என்று வாய் திறந்து சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த மிஸ்தான், “காக்காட சத்தம் இப்பதான் முதல் முதலா கேக்கிறன்” என்றார்.

வியாழக்கிழமை ஸ்டிக்கர் அடிக்கும் பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. இனி ஒவ்வொரு கண்ணாடியையும் மெஷினே வாசித்துக்கொள்ளும். “இனி எந்தப் பக்கத்தில இருந்து வேணுமெண்டாலும் வைக்கலாம் காக்கா. உங்கட பக்கத்தில இருந்தே வைங்களன்” என்றார் மிஸ். பழைய பிளாஸ்டரை உரித்துவிடவா என்றும் கேட்டார். அழுக்காகி, ஓரம் சுருண்டு போயிருந்தது. இருக்கட்டும் என்று சொன்னேன். அன்றைக்கும் இடது ஓரத்தில் தொடங்கித்தான் வைத்தேன், கை பழகிவிட்டது. கொப்பியைத் திறக்கிற கை மட்டும் இன்னும் பழகவில்லை என்பதை இன்றைக்குத்தான் கண்டேன்.

பிளாஸ்டர் தானாக விழுந்துவிடுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தேன். இப்போது பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள்.

சனிக்கிழமை, ஷஃபான் பிறை பன்னிரண்டு.